ஜவுளிக் கடையிலிருந்து எழுந்த இமாம்

நம்மவர்களிடையே ஒரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கடைப் பலகையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டவன் அதற்குப் பிறகு வேறு எதற்கும் உதவமாட்டான் என்பதே அது. காலையில் சரக்கை எடுத்து வைப்பதும், பகலெல்லாம் வாடிக்கைக்காரரோடு மல்லாடுவதும், இரவில் பேரேட்டை மூடிவிட்டுப் படுப்பதுமாக வாழ்நாள் கழிந்துவிடுகிறது. அறிவு தேடுவது, கொள்கைக்காக நிற்பது இவையெல்லாம் ஓய்வும் வசதியும் படைத்தவர்களின் வேலை, நமக்கு வியாபாரம் ஒன்றே கதி என்று நாமும் நம்பிவிட்டோம். இப்படி நம்பிக்கொள்வதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. யாரும் நம்மிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள் அல்லவா?

இந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர் ஒருவர் ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து மறைந்திருக்கிறார். அவரும் ஜவுளி வியாபாரிதான். உலக முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் இன்றும் அவருடைய மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். நம் தமிழ் முஸ்லிம்களில் இராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் தொழுகையில் கை கட்டும் முறைகூட அவர் வழி வந்ததே. இமாமுல் அஃளம், அதாவது மாபெரும் இமாம் என்று போற்றப்படும் அபூஹனீபா (ரஹ்) அவர்களையே குறிப்பிடுகிறோம். அவர்களை இமாமாக நாம் அறிவோம். மௌலிது மஜ்லிஸ்களிலும் பயான்களிலும் கேட்டிருக்கிறோம். கடை முதலாளியாக அவர்களை அறிந்தவர்கள் நம்மில் குறைவு.

ஹிஜ்ரி 80, கி. பி. 699-ஆம் ஆண்டில் இராக்கிலுள்ள கூபா நகரில் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான், தந்தையார் பெயர் தாபித். பாட்டனார் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவர். காபூலைச் சேர்ந்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். எப்படியாயினும் அக்குடும்பம் அரபுக் குடும்பமன்று. உமையாக்களின் ஆட்சிக் காலத்தில் அரபல்லாத முஸ்லிம்களுக்கு மவாலிகள் என்று பெயர். பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்பார்கள். வெளியே வந்தால் ஒரு படி கீழேதான். இந்த நிலையில் பிறந்த பிள்ளைக்குப் பட்டம் பதவி எதுவும் காத்திருக்கவில்லை. காத்திருந்தது ஒரு ஜவுளிக் கடை.

கூபா, யூப்ரடீஸ் நதிக்கரையில் 638-ஆம் ஆண்டளவில் படைவீடாக எழுந்த ஊர். அரை நூற்றாண்டுக்குள் அது பெரு நகரமாகிவிட்டது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களை அங்கே அனுப்பினார்கள். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் அதனைத் தலைநகராகவே கொண்டார்கள். ஆகவே அவ்வூரில் கல்விக்கும் குறைவில்லை, கலகத்துக்கும் குறைவில்லை, கடைத்தெருவுக்கும் குறைவில்லை. பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்யப்பட்ட கஸ் என்னும் உயர்ந்த ரகத் துணி அந்நாளில் பெரியவர்கள் விரும்பி அணிந்தது. அபூஹனீபாவின் குடும்பத்துக்கு அதுவே தொழில். வாலிப வயதில் அவர்களுடைய சிந்தனை முழுவதும் அந்தத் துணியின் வரவிலும் விற்பனையிலும்தான் இருந்தது.

ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஷஃபீ என்னும் முதிய ஆலிம் அவர்களைக் கூப்பிட்டு, யாரிடம் போய் வருகிறாய் என்று விசாரித்தார். கடைக்குத்தான் போகிறேன் என்றார் இளைஞர். அதைக் கேட்கவில்லை, எந்த ஆலிமிடம் போகிறாய் என்று கேட்டேன் என்றார் பெரியவர். அப்படி யாரிடமும் போவதில்லை என்றதும், உன்னிடம் ஒரு விழிப்பும் சுறுசுறுப்பும் தெரிகிறது, அதை வீணாக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. கடைக்குப் போகிற பையனைத் தெருவில் நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். அந்த இரண்டு வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்ள அந்தப் பையனுக்கு மனம் இருந்தது.

கல்வி தேடப் புறப்பட்டவர் முதலில் சென்றது வாதப் பிரதிவாதங்களுக்கு. அக்காலத்தில் பஸரா நகரில் கொள்கைச் சண்டைகள் மலிந்திருந்தன. இருபது தடவைக்கு மேல் அங்கே போய் ஒவ்வொரு கூட்டத்தாரோடும் வாதாடி வந்தார்கள். நாவன்மையும் கூர்மையும் இயற்கையாக உள்ளவருக்கு அது இனிக்கத்தானே செய்யும்? அப்படியிருக்கும்போது ஒரு பெண்மணி வந்து தலாக் சம்பந்தமான ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டாள். நுட்பமான தத்துவங்களையெல்லாம் அலசிய அந்த இளைஞருக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹம்மாதிடம் போய்க் கேள், அவர் சொல்லும் பதிலை என்னிடமும் வந்து சொல் என்று அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்து சொன்னாள். உடனே செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய் ஹம்மாதின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். தெரியாது என்பதை ஒரு பெண் முன்னால் ஒப்புக்கொண்டதும், அந்த வெட்கத்தை மறைக்காமல் அதையே வாசலாக்கிக்கொண்டதும் சிறிய காரியமல்ல. ஊரில் நாலு பேர் மதிக்கத் தொடங்கிய பிறகு மாணவனாக மறுபடியும் கீழே உட்காருவது எவ்வளவு கடினம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது அவர்களுக்கு வயது இருபத்திரண்டு. ஹம்மாத் பின் அபீ சுலைமான் அவர்கள் இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களின் கல்வி வழியில் வந்தவர். அவரிடம் அபூஹனீபா இருந்தது ஓராண்டு ஈராண்டல்ல, பதினெட்டு ஆண்டுகள். அதில் நடந்த ஒரு சம்பவம் நாம் எல்லோரும் கேட்கத்தக்கது.

பத்து ஆண்டுகள் கழிந்ததும் அவர்களுக்குத் தனியாகப் பாடசபை வைக்கலாமே என்ற ஆசை வந்தது. பத்து வருஷம் ஒரு கடையில் வேலை பார்த்த ஆள் தனிக்கடை போட நினைப்பது உலக இயல்புதான். ஆனால் ஆசிரியரின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அன்றிரவே ஹம்மாதுக்கு பஸராவிலிருந்து செய்தி வந்தது. அங்கே உறவினர் ஒருவர் இறந்துவிட்டார். வாரிசு இவர் ஒருவரே. தம் இடத்தில் அபூஹனீபாவை உட்காரவைத்துவிட்டு அவர் புறப்பட்டுச் சென்றார். திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் ஆசிரியரிடம் கேட்டறியாத பல கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன அபூஹனீபா, சொன்னதை எழுதியும் வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் வந்ததும் அந்த ஏட்டைக் கொண்டுபோய் நீட்டினார்கள். மொத்தம் அறுபது கேள்விகள். நாற்பதில் ஆசிரியர் உடன்பட்டார். இருபதில் தவறு காட்டினார்.

அறுபதுக்கு நாற்பது சரி என்றால் நம்மில் பலர் விருந்து வைத்துக் கொண்டாடியிருப்போம். அபூஹனீபாவின் கண்ணுக்குத் தெரிந்தது அந்த இருபது. இருபது குடும்பங்களுக்குத் தவறான பதில் போயிருக்கிறது! ஹம்மாத் உயிரோடிருக்கும் வரை அவருடைய சபையை விட்டு நீங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தார்கள். ஹிஜ்ரி 120, கி. பி. 738-இல் ஆசிரியர் மறையும் வரை அம்முடிவு மாறவில்லை. பிறகு மற்ற மாணவர்கள் வற்புறுத்தி அழைத்து ஆசிரியரின் இடத்தில் அவர்களை உட்காரவைத்தபோது வயது நாற்பது. அவர்களுடைய மகனின் பெயரும் ஹம்மாத்தான்.

இத்தனை ஆண்டுகளும் கடை மூடப்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கூட்டாளிகளும் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் கடையின் நாணயம் முதலாளியின் நாணயமாகவே இருந்தது. அதற்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் போதும்.

ஒரு பெண் பட்டுத் துணி ஒன்றை விற்க வந்தாள். நூறு திர்ஹம் கேட்டாள். இதன் மதிப்பு அதற்கும் மேல் என்றார்கள் அபூஹனீபா. அவள் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்துவிட்டாள். அப்போதும், இதற்கும் மேல் பெறும் என்றார்கள். என்னைக் கேலி செய்கிறீர்களா என்று அவள் கோபித்தாள். விலை மதிக்கத் தெரிந்த வேறொருவரை அழைத்து வரச் செய்து, ஐந்நூறு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். விற்க வந்தவளுக்கு விலை தெரியாதபோது அதுதான் நமக்கு இலாபம் என்று எண்ணுவது கடைத்தெரு வழக்கம். அவள் அறியாமையை வாங்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

இன்னொரு கிழவி வந்து, நான் ஏழை, அசல் விலைக்கே கொடுங்கள் என்று கெஞ்சினாள். நாலு திர்ஹம் கொடு என்றார்கள். அவளுக்கு ஆத்திரம். வயதானவளைப் பரிகாசம் செய்யலாமா என்றாள். பரிகாசமில்லை, இரண்டு துணி வாங்கினேன், ஒன்றை விற்றதில் இரண்டின் முதலிலும் நாலு திர்ஹம் குறைய எல்லாம் வந்துவிட்டது, ஆகவே இதன் அடக்கம் எனக்கு நாலு திர்ஹம்தான் என்று கணக்குச் சொன்னார்கள். தர்மம் என்று சொல்லி அவளைச் சிறுமைப்படுத்தாமல் கணக்கின் பெயரால் கொடுத்த அந்த நயத்தை என்னவென்று சொல்வது!

கூட்டாளி ஹப்ஸ் என்பவரிடம் ஒரு தடவை சரக்கு அனுப்பும்போது, அதில் ஒரு துணியில் பழுது இருக்கிறது, வாங்குபவரிடம் அதைக் காட்டிவிட்டு விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹப்ஸ் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி கேட்டதும் அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழுதான துணியின் விலையை மட்டும் ஒதுக்கியிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? பழுதான பணம் எது, நல்ல பணம் எது என்று பெட்டிக்குள் போன பிறகு பிரிக்க முடியாதே என்பது அவர்களுடைய எண்ணம் போலும்.

பாக்கி விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. வியாபாரிக்குப் பாக்கியை விடப் பெரிய சோதனை ஏது? ஒரு நாள் தெருவில் நடந்து போகும்போது எதிரே வந்த ஒருவர் அவர்களைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பி ஒளிந்தார். கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்கள். பதினாயிரம் திர்ஹம் தரவேண்டியிருக்கிறது, தவணை கடந்துவிட்டது, முகத்தில் விழிக்க வெட்கம் என்றார் அவர். அத்தொகை முழுவதையும் அங்கேயே தள்ளிவிட்டு, என்னைக் கண்டு உங்கள் மனத்தில் ஏற்பட்ட அந்த நடுக்கத்துக்காக நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கடன்பட்டவர் வீட்டுச் சுவரின் நிழலில் நிற்பதுகூடக் கடனுக்கு மேல் பெறும் ஆதாயமாகிவிடும் என்று வெயிலில் ஒதுங்கி நின்றதாகவும் சொல்வார்கள். எல்லோரும் பதினாயிரத்தைத் தள்ளிவிட முடியாது. நாம் தள்ளவும் வேண்டாம். கடன்காரனின் முகத்தைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்களுடைய இலாபம் எங்கே போயிற்று? ஆண்டு முழுவதும் சேர்ந்த இலாபத்தைக் கொண்டு ஆலிம்களுக்கும் ஹதீது கற்போருக்கும் வேண்டிய உணவு, உடைகளை வாங்கி அனுப்பி, மிச்சத்தைப் பணமாகவும் கொடுப்பார்கள். தம் பிள்ளைகளுக்கு உடை எடுத்தால் அதே அளவுக்கு அறிஞர்களுக்கும் எடுப்பார்கள். யாகூப் என்றொரு ஏழைப் பையன் பாடத்துக்கு வந்துகொண்டிருந்தான். பெற்றோர் அவனைக் கூலி வேலைக்கு இழுத்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அடுப்பு எரிய வேண்டுமே! பையன் வராததைக் கவனித்த அபூஹனீபா அவனை வரவழைத்து நூறு திர்ஹம் கொடுத்து, தீர்ந்ததும் சொல் என்றார்கள். அவன் ஒருபோதும் சொல்ல நேரவில்லை. தீருமுன்பே அடுத்தது வந்துவிடும். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் இஸ்லாமிய உலகின் தலைமைக் காஜியாக விளங்கிய அபூயூசுப். கலீபாவுக்காகவே வரி, நிலம், நிர்வாகம் பற்றிக் கிதாபுல் கராஜ் என்னும் நூலை எழுதித் தந்தவர்.

பக்கத்து வீட்டுச் செருப்புத் தொழிலாளி கதை பலர் அறிந்ததே. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் குடித்துவிட்டு, தன் அருமையை உலகம் அறியாமல் தன்னை இழந்துவிட்டது என்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே கிடப்பான். இரவு வணக்கத்தில் நிற்கும் இமாமுக்கு அந்தச் சத்தம் தினசரி வழக்கம். ஒரு நாள் பாட்டைக் காணோம். காவலர் பிடித்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் தாமே அதிகாரியிடம் போய் அவனை விடுவித்துக் கூட்டி வந்தார்கள். வரும் வழியில், உன்னை நாங்கள் இழந்துவிட்டோமா என்று மட்டும் கேட்டார்கள். அவன் அதற்குப் பின் குடிக்கவில்லை.

சபையில் அவர்கள் பாடம் நடத்திய முறையும் தனி. தாம் ஒன்றைச் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வது என்பதில்லை. ஒரு மஸ்அலாவை எடுத்து வைப்பார்கள்; அபூயூசுப், ஸுபர், முஹம்மத் ஷைபானி போன்ற மாணவர்கள் மறுத்தும் எதிர்த்தும் பேசுவார்கள்; சில நேரம் நாள்கணக்கில் நடக்கும். முடிவான பிறகே ஏட்டில் ஏறும். வாங்கல் விற்றல் பற்றிய சட்டங்களில் அவர்களுடைய கை எவ்வளவு தேர்ந்தது என்பதைப் படிப்பவர்கள் காணலாம். கொள்முதல் விலையைச் சொல்லி இலாபம் இவ்வளவு என்று ஒப்பி விற்கும் முராபஹா, முன்பணம் கொடுத்துப் பின்னால் சரக்குப் பெறும் ஸலம், ஒருவர் முதலும் மற்றவர் உழைப்புமாகச் சேரும் கூட்டு, இவற்றில் எங்கே ஏமாற்று நுழையும் என்பது கடையில் உட்கார்ந்தவருக்குத்தானே தெரியும்? ஷாபி மத்ஹபைச் சேர்ந்த நேயர்கள் இதைத் தங்களுக்கு அந்நியமான வரலாறு என்று எண்ணிவிடக்கூடாது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இந்த முஹம்மத் ஷைபானியிடம் பாடம் கேட்டவர்கள்.

அவர்களைப் பற்றி வியப்பான செய்திகள் பல வழங்குகின்றன. நாற்பது ஆண்டு இரவில் உறங்கவில்லை என்பது போன்றவை. பக்தியால் பெருகிய அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கடையும் சபையும் நடத்தியவர் கொஞ்சமாவது தூங்கியிருப்பார். ஒன்று மட்டும் சொல்லலாம். பள்ளிவாசலில் பாடம் நடந்தபோது முகட்டிலிருந்து ஒரு பாம்பு அவர்கள் மடியில் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அவர்கள் ஆடையை உதறி அதை அப்பால் தள்ளிவிட்டு, இருந்த இடத்திலேயே பாடத்தைத் தொடர்ந்தார்களாம்.

இந்த நெஞ்சுக்கு உண்மையான சோதனை அரண்மனையிலிருந்து வந்தது.

உமையாக்களின் ஆட்சி ஆட்டங்கண்ட கடைசி நாட்களில் இப்னு ஹுபைரா என்பவர் இராக்கின் கவர்னராக இருந்தார். செல்வாக்குள்ள ஆலிம்களைப் பதவியில் அமர்த்திக்கொண்டால் மக்கள் அடங்குவார்கள் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் அச்சத்தால் ஒப்பினார்கள். அபூஹனீபா மறுத்தார்கள். பதவிக்கு அவர்கள் சொன்ன தடை எளியது. ஒருவரைக் கொல்ல ஆணை எழுதுவது அவர், அதில் முத்திரை வைப்பது நான் என்றால் அந்தக் காரியத்தில் எனக்குப் பங்கில்லையா என்பது அது. சவுக்கடி தொடங்கியது. நாளுக்குப் பத்தாகப் பல நாள் அடித்தார்கள். நூற்றுப்பத்து அடி என்று எண்ணிக்கை சொல்லப்படுகிறது. தலையிலும் முகத்திலும் வீக்கம் கண்டது. அடியை விடத் தம் தாயார் படும் துக்கமே பொறுக்க முடியவில்லை என்று அவர்கள் வருந்தினார்கள். இரும்பு நெஞ்சம் என்று நாம் சொல்வதெல்லாம் வலி தெரியாத நெஞ்சமன்று போலும். விடுதலை பெற்றதும் ஹிஜ்ரி 130-இல் மக்காவுக்குப் போய், ஆட்சி மாறும் வரை அங்கேயே தங்கினார்கள்.

ஆட்சி மாறிற்று. 750-இல் உமையாக்கள் வீழ்ந்து அப்பாஸியர் வந்தார்கள். இப்னு ஹுபைரா வாஸித் கோட்டையில் முற்றுகையிடப்பட்டு, அபயம் கொடுக்கப்பட்டுச் சரணடைந்த பிறகும் கொல்லப்பட்டார். அந்த முற்றுகையை நடத்திய அபூ ஜஃபர்தான் 754-இல் அல் மன்சூர் என்ற பெயரோடு கலீபாவானார். அடித்தவர் போய்விட்டார், ஆனால் வந்தவரும் அதே பதவியை அதே கையால் நீட்டினார்.

மன்சூர் சிக்கனக்காரர், கடுமையானவர், ஆட்சியை நன்கு நிலைநிறுத்தியவர். 762-இல் டைக்ரிஸ் நதிக்கரையில் பக்தாத் நகரைக் கட்டத் தொடங்கினார். அலவிகள் தமக்கெதிராகக் கிளம்பியபோது அபூஹனீபாவின் அனுதாபம் எந்தப் பக்கம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே கூபாவிலிருந்து அவர்களை வரவழைத்துக் காஜி பதவியை ஏற்கச் சொன்னார். தமக்கு அதற்குத் தகுதியில்லை என்றார்கள் அபூஹனீபா. பொய் சொல்கிறீர் என்று கலீபா சீறினார். அப்படியானால் பொய்யனைக் காஜியாக்கக்கூடாது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் என்றார்கள். கலீபா சத்தியம் செய்து வற்புறுத்த, இவர்களும் சத்தியம் செய்து மறுத்தார்கள். அருகிலிருந்த மந்திரி, கலீபா சத்தியமிட்ட பிறகுமா என்று பதறியபோது, சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்க என்னை விடக் கலீபாவுக்குத்தான் வசதி அதிகம் என்று பதில் வந்தது. வேறொரு சமயம், இந்தப் பதவியா அல்லது யூப்ரடீஸில் மூழ்குவதா என்றால் மூழ்குவதே மேல் என்றும், உங்களைச் சுற்றியிருப்பவர்களின் மனம் கோணாமல் நடக்கும் காஜி உங்களுக்கு வேண்டும், அது என்னால் ஆகாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சத்தியம் நிறைவேற வேண்டுமே என்று, பக்தாத் கட்டுமான வேலையில் செங்கல் எண்ணும் பொறுப்பைக் கொடுத்தாராம் கலீபா. அதை அபூஹனீபா மறுக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணாமல், அடுக்கை அளவுகோலால் அளந்து கணக்கிட்டார்கள். ஜவுளிக்காரரின் கையல்லவா!

அபூயூசுப் பிற்காலத்தில் ஏற்ற பதவியை ஆசிரியர் ஏன் மறுத்தார், ஏற்று நல்லது செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மாணவரால் நல்லது விளைந்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மன்சூர் தேடியது நீதிபதியை அல்ல, தம் செயல்களுக்கு ஒரு பெரிய மனிதரின் கையொப்பத்தை. வாங்குகிறவன் எதை வாங்க வந்திருக்கிறான் என்று கண்டுகொள்வது வியாபாரியின் முதல் பாடம். மறுக்க முடிந்ததற்கும் கடையே காரணம். அரண்மனை மானியத்தில் அடுப்பு எரிந்திருந்தால் அந்த நாக்கு அவ்வளவு நேராக எழுந்திருக்குமா? ஆசிரியர்களும் மாணவர்களும் உண்ட சோறு கூபாவின் துணி விற்ற காசில் வந்தது. கலீபாவுக்குப் பறித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

பணத்தாலும் முயன்று பார்த்தார்கள். கலீபா முப்பதாயிரம் திர்ஹம் அன்பளிப்பாகக் கொடுத்தார். மறுத்தால் மீண்டும் வம்பு. பக்தாத் எனக்கு அந்நிய ஊர், பத்திரமாக வைக்க இடமில்லை, அரசுக் கருவூலத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டார்கள்.

முடிவில் சிறை. அங்கேயும் அடி தொடர்ந்தது. ஹிஜ்ரி 150, கி. பி. 767-இல், எழுபதாவது வயதில், சிறையிலேயே உயிர் பிரிந்தது என்றே பெரும்பாலான வரலாறுகள் கூறுகின்றன. நஞ்சூட்டப்பட்டது என்ற செய்தியும் உண்டு. மக்கள் திரண்ட திரளால் ஜனாஸா தொழுகையை ஆறு தடவை நடத்த வேண்டியதாயிற்று. பறித்தெடுக்கப்பட்ட நிலத்தில் தம்மை அடக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் டைக்ரிஸ் நதியின் கீழ்க்கரையில் கைஸுரான் மையவாடியில் அடக்கம் நடந்தது. 1066-இல் சல்ஜூக்கியர் ஆட்சியில் அங்கே கட்டிடமும் மதரசாவும் எழுந்தன. அந்தப் பேட்டைக்கே அஃளமிய்யா என்று இமாமின் பெயர் வந்துவிட்டது.

அவர்கள் வாழ்நாளில் ஊரார் அவர்களிடம் ஏராளமான அமானிதங்களை வைத்திருந்தார்கள். பொன்னும் வெள்ளியும் பணமுமாக வீடு நிறைய இருந்தது. அதைக் கேள்விப்பட்டபோதுதான், பத்திரமாக வைக்க இடமில்லை என்று தம்மிடம் சொன்னதன் பொருள் மன்சூருக்கு விளங்கிற்றாம். உரியவர்களில் பலர் வெளியூர் போயிருந்தார்கள். அநாதைகளின் சொத்தும் அதில் கலந்திருந்தது. மகன் ஹம்மாத் அவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஊர்க் காஜியிடம் போய், பொறுப்பேற்றுக்கொள்ளச் சொன்னார். நீரே நம்பிக்கையானவர், உம்மிடமே இருக்கட்டும் என்றார் காஜி. முதலில் எல்லாவற்றையும் நிறுத்துக் கணக்கெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், என் தந்தையின் பொறுப்பு தீரட்டும், பிறகு உங்கள் விருப்பம் என்றார் மகன். நிறுத்து முடிக்கப் பல நாள் பிடித்தது. கடைசிப் பை தராசிலிருந்து இறங்கியதும் ஹம்மாத் மெல்ல எழுந்து போய் எங்கோ மறைந்துகொண்டார். காஜி அந்தச் செல்வத்தை வேறொருவர் கையில் ஒப்படைத்த பிறகே வெளியே வந்தார்.